இழுத்தால் எரியும்

நீங்கள் ஒவ்வொரு ரயில் பயணத்திலும் அண்ணாந்து பார்த்து, ஒரு தடவையாவது இழுத்துவிடலாமா என்று ஆசைப்பட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்ட சங்கிலி ஒன்று உண்டு. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு 'சங்கிலியை இழு' என்றால் அது ஒன்றுதான். அமெரிக்காவில் போய் இதே வார்த்தையைச் சொன்னால், விளக்கைப் போடச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள். ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். டிடெக்டிவ் இருட்டான நிலவறைக்குள் இறங்குவார், காற்றில் கையைத் துழாவுவார், ஒரு குட்டிச் சங்கிலி அகப்படும், 'டக்', வெளிச்சம், பிணம்.

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது சினிமா இல்லை, அந்தச் சங்கிலி. புத்தகத்துக்கும் படத்துக்கும் மட்டும்தான் விமர்சனம் எழுதலாம் என்று சட்டம் ஒன்றும் இல்லையே. தினமும் பத்து தடவை கை படுகிற சாமானுக்கு, வருஷத்துக்கு ஒரு முறை புரட்டுகிற கவிதைத் தொகுதியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கறார் காட்டலாம்.

முதலில் ரயில் சங்கிலி, ஏனென்றால் அது நல்ல டிசைன். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: நில். இழுத்தால் பிரேக் குழாயில் இருக்கும் அழுத்தம் குறைந்து பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிறது. முக்கியமான விஷயம், இழுத்தவர் மனசு மாறி அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. ஊழியர் வந்து, எந்தப் பெட்டி என்று பார்த்து, அவர்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். காரணமில்லாமல் இழுத்தால் 1989 ரயில்வே சட்டம் 141-வது பிரிவில் ஓராண்டு வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொழிற்சாலைகளில் நீளமான கன்வேயர் பெல்ட் பக்கத்தில் ஒரு கயிறு கூடவே ஓடும், கவனித்திருக்கிறீர்களா? அதுவும் இதே ஜாதி. எந்த இடத்தில் இழுத்தாலும் பெல்ட் நிற்கும். யாராவது நடந்துபோய் கையால் ரீசெட் செய்தால்தான் மறுபடி ஓடும். சட்டைக் கை மாட்டிக்கொண்டவன் ஸ்விட்ச்சைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கைக்கு எட்டும் இடமெல்லாம் ஸ்விட்ச்சாக இருக்க வேண்டும். கயிறு அதைச் செய்கிறது.

இப்போது இதற்கு நேர்மாறான ஒன்றைப் பாருங்கள். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் லைனில் திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் என்று எண்ணிக்கொண்டே போனால் வருவது திருவாலங்காடு. நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கேதான். காரைக்கால் அம்மையார் பேயுருவில் ஆட்டம் பார்த்த ஊர். அந்த ஊரிலும் சரி, உங்கள் தெருவிலும் சரி, ஏதாவது ஒரு சலூனிலோ மெஸ்ஸிலோ சுவரில் மாட்டிய ஃபேன் ஒன்று இருக்கும். அதில் இரண்டு கயிறு தொங்கும். ஒன்று வேகத்துக்கு, ஒன்று தலையை ஆட்டுவதற்கு. இரண்டும் ஒரே நிறம், ஒரே நீளம், நுனியில் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குமிழ். ஆறு மாதத்தில் குமிழ் உடைந்து, ஒன்றில் நைலான் நூலும் இன்னொன்றில் பழைய சாவி வளையமும் தொங்கும். உங்களுக்கு வேர்க்கிறது. வேகத்தைக் கூட்ட இழுக்கிறீர்கள். ஃபேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்க்கப் போய்விடுகிறது. சரி, இன்னொன்றை இழுக்கிறீர்கள். ஏற்கெனவே மூன்றாம் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் அடுத்த நிலை பூஜ்யம். நின்றுவிட்டது. கடைக்காரர் சலிப்போடு எழுந்துவந்து 'டக் டக் டக்' என்று சரிசெய்துவிட்டுப் போகிறார்.

இந்த ஃபேனை வரைந்த இன்ஜினீயர் சலூனில் காத்திருந்ததே இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஒரு கயிற்றின் நுனியை உருண்டையாகவும் இன்னொன்றைத் தட்டையாகவும் செய்ய எத்தனை பைசா கூடுதலாக ஆகும்?

விளக்குச் சங்கிலியின் பூர்வீகம் மின்சாரம் அல்ல, எரிவாயு. கேஸ் விளக்கு உயரத்தில் இருக்கும். அதன் குழாயைத் திறந்து மூட ஒரு சின்னத் துலாக்கோல். அதன் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு சங்கிலி. ஒன்றை இழுத்தால் வெளிச்சம், மற்றதை இழுத்தால் இருட்டு. பிறகு எடிசன் பல்பு வந்தது. கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் ஹார்வி ஹப்பெல் என்பவர், பல்பு மாட்டும் ஹோல்டருக்குள்ளேயே இழுக்கும் ஸ்விட்ச்சை வைத்து 1896-ல் பேட்டன்ட் வாங்கினார். உள்ளே ஒரு பல்சக்கரம், ஒரு ஸ்பிரிங். நீங்கள் மெதுவாக இழுத்தாலும் ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்குத் துள்ளி இணைப்பை 'டக்'கென்று மாற்றிவிடும். அந்த 'டக்' அலங்காரமில்லை. மெதுவாகப் பிரியும் இரண்டு உலோகங்களுக்கு நடுவில் தீப்பொறி நீண்டு, முனைகளைக் கருக்கிவிடும். அந்தக் காலத்தில் பல இடங்களில் நேர்மின்சாரம். பொறி லேசில் அணையாது. நியூகாசிலில் ஜான் ஹோம்ஸ் 1884-லேயே சுவர் ஸ்விட்ச்சுக்கு இந்தத் துள்ளலைக் கண்டுபிடித்திருந்தார். இன்று நம் வீட்டு மாறுமின்சாரம் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் பொறிக்கு அவ்வளவு ஆயுசில்லை. ஆனாலும் 'டக்' இருக்கிறது.

ஹப்பெல் செய்த இன்னொரு காரியம்: 1904-ல், ஹோல்டரில் ஒரு திருகு அடாப்டரும் அதில் செருகிப் பிடுங்கும் பிளக்கும். அப்போது வீடுகளில் சுவர் பிளக் பாயின்ட்டே கிடையாது. மின்சாரம் வருகிற ஒரே வாசல் பல்பு ஹோல்டர். இதைப் படித்து நீங்கள் சிரிக்கக் கூடாது. நம் ஊர்க் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஹோல்டரில் டூ-வே அடாப்டரை மாட்டி, ஒரு பக்கம் பல்பு, இன்னொரு பக்கம் சீரியல் செட் என்று ஓட்டியது எந்த நூற்றாண்டில்?

ஹப்பெலின் சங்கிலியில் எனக்குப் பிடிக்காத அம்சம் ஒன்று உண்டு. கேஸ் விளக்குக்கு இருந்த இரண்டு சங்கிலியை அவர் ஒன்றாக்கினார். சிக்கனம்தான். ஆனால் 'போடு', 'அணை' என்ற இரண்டு வார்த்தைக்குப் பதில் 'மாற்று' என்ற ஒரே வார்த்தை வந்துவிட்டது. சங்கிலியைப் பார்த்து விளக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பல்பைத்தான் பார்க்க வேண்டும். பல்பு எரியவில்லையென்றால்? ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா, பல்பு போய்விட்டதா, கரன்ட்டே இல்லையா? கரன்ட் நிற்காத ஊரில் இது தத்துவக் கேள்வி. 2012-ல், சென்னை எல்லைக்கு வெளியே பல மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கரன்ட் போன இருட்டில் நாலு பேர் நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரன்ட் வரும்போது வீட்டில் எத்தனை விளக்கு எரியும் என்பது சூதாட்டம். சுவர் ஸ்விட்ச்சுக்கு இந்தப் பிரச்னை இல்லை. கீழே இருந்தால் ஆன், இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். (அமெரிக்காவில் மேலே இருந்தால் ஆன். அவர்களுக்கு எல்லாமே தலைகீழ்.)

நம் வீடுகளில் சங்கிலி வராமல் போனதற்கு இதல்ல காரணம். வெள்ளைக்காரன் பழக்கிவிட்ட வழக்கம்: கதவுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு, அதில் வரிசையாக ஸ்விட்ச்சுகள், விளக்கிலிருந்து சுவர் வழியாக டீக் பேட்டன் மேல் ஒயர் இறங்கிவரும். சங்கிலி வைத்தால் இந்த இறங்கும் ஒயரே வேண்டாம். கூரைக்கு இரண்டு ஒயர் போனால் போதும். ஒரே ஒரு விளக்கு உள்ள குடிசைக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. ஆனால் அங்கேயும் ஒரு கட்டையில் ஸ்விட்ச்சை அடித்துத்தான் கொடுத்தோம்.

ஆங்கிலேயர் தங்கள் வீட்டுக் குளியலறையில் மட்டும் கயிற்றை வைத்துக்கொண்டார்கள். ஸ்விட்ச் கூரையில், கயிறு கீழே. ஈரக் கையால் தொடுவது வெறும் நூலை. 230 வோல்ட் எட்டாத உயரத்தில். ஷவர் ஹீட்டருக்கான பெரிய கயிற்று ஸ்விட்ச்சில் ஆன், ஆஃப் காட்டும் குறியும் சின்ன நியான் விளக்கும்கூட உண்டு. நான் மேலே புலம்பிய குறைக்கு அவர்களே மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் என்ன செய்தோம்? பாத்ரூம் ஸ்விட்ச்சை வெளிச்சுவரில் வைத்தோம். பாதுகாப்புதான். ஆனால் உள்ளே சோப்பு போட்டுக்கொண்டிருக்கும் அண்ணனின் வெளிச்சம் வெளியே நிற்கும் தம்பியின் கையில்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத விஷயம் 'பெட் ஸ்விட்ச்'. பேரிக்காய் வடிவத்தில், கட்டில் தலைமாட்டில் இரட்டை ஒயரில் தொங்கும். நடுவில் ஒரு பொத்தான். எழுந்திருக்க முடியாத தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அன்பாக வாங்கிக் கொடுப்போம். அந்த ஒயர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, தலையணைக்கு அடியில் நசுங்குகிறது என்று யோசியுங்கள். பேரிக்காயின் கழுத்தில், ஒயர் உள்ளே நுழைகிற இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். அங்கே ஓடுவது முழு 230 வோல்ட். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு, வியர்த்த கை, சில வீடுகளில் இரும்புக் கட்டில். நடுங்கும் கைக்கு நாம் மின்சாரத்தையே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதே வேலையைக் கூரையில் ஒரு கயிற்று ஸ்விட்ச் செய்யும். படுக்கைக்கு வருவது நூல் மட்டும். நூல் அறுந்தால் இருட்டு. ஒயர் அறுந்தால் சாவு வரை போகலாம்.

அப்படியானால் ஹப்பெலின் ஹோல்டரை அப்படியே இறக்குமதி செய்யலாமா? கூடாது. அது திருகு பல்புக்கு ஆனது. நம்முடையது 22 மில்லிமீட்டர் பயனெட்: அழுத்தித் திருப்பினால் இரண்டு காதும் மாட்டிக்கொள்ளும், அதிர்வில் கழன்று வராது. நல்ல ஏற்பாடுதான். 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடெங்கும் 36 கோடிக்கு மேல் எல்.ஈ.டி. பல்புகள் கொடுத்தார்களே, அவை வந்து அமர்ந்ததும் இந்த ஹோல்டரில்தான். ஆனால் பல்பைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். ஸ்பிரிங் வைத்த இரண்டு பித்தளை முனைகள், விரலுக்கு எட்டும் ஆழத்தில், மூடியில்லாமல் காத்திருக்கும். ஸ்விட்ச் பேஸ் ஒயரில் இருக்க வேண்டும் என்பது விதி. எலெக்ட்ரீஷியன் அவசரத்தில் நியூட்ரலில் போட்டுவிட்டால் விளக்கு வழக்கம்போல எரியும், அணையும். ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் அந்த முனையில் உயிர் இருக்கும். ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றுகிறவருக்கு அது தெரியாது. அந்தக் காலத்து 100 வாட் பல்பின் சூட்டில் பேக்கலைட் ஹோல்டர் வறண்டு, தொட்டால் உதிரும். எல்.ஈ.டி. அந்தச் சூட்டைக் குறைத்தது, முனைகளை மூடவில்லை.

இன்னொரு ஆபத்து நம் சுபாவத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சங்கிலியில் ஹோல்டருக்குப் பக்கத்தில் மின்சாரம் கடத்தாத ஒரு சின்னக் கண்ணி இருக்கும். உள்ளே ஏதாவது கழன்று சங்கிலியைத் தொட்டாலும் கை வரை வராது. நம் வீட்டில் கயிறு அறுந்தால் என்ன கட்டுவோம்? கையில் கிடைத்ததை. கட்டுக்கம்பி, துண்டு ஒயர், சைக்கிள் பிரேக் கேபிள்! ஆகவே இங்கே டிசைன் செய்கிறவர், அறுந்த பிறகு நாம் என்ன செய்வோம் என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கயிறு மாட்டும் நெம்புகோலே பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அப்போது கம்பியைக் கட்டினாலும் பாதகமில்லை.

அந்தக் காலத்துக் கோயிலில் சர விளக்கு சங்கிலியில்தான் தொங்கியது. அந்தச் சங்கிலியின் உத்தியோகம் பாரம் தாங்குவது மட்டும், யாரும் இழுத்ததில்லை. விளக்கை 'அணை' என்று சொல்லக்கூட நமக்கு மனசு வராது, 'மலையேற்று' என்போம். அப்படிப்பட்டவர்களுக்கு 'டக்'கென்று ஒரே இழுப்பில் அணைக்கும் சாமான் செய்வதென்றால் கொஞ்சம் யோசித்துத்தான் செய்ய வேண்டும். காக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இருக்கிற பட்டறைக்காரர் யாராவது இதைப் படித்தால் என் ஆர்டர் இது: கூரையில் பொருத்தும் கயிற்று ஸ்விட்ச், பிளாஸ்டிக் நெம்புகோல், ஆன் என்றால் எட்டிப் பார்க்கும் சிவப்புக் குறி (கரன்ட் இல்லாவிட்டாலும் தெரிகிற மாதிரி, அதாவது நியான் மட்டும் போதாது), இருட்டில் மினுக்கும் குமிழ், கயிறு கட்டிலில் படுத்திருப்பவரின் முழங்கை உயரம் வரை. விலை பெட் ஸ்விட்ச்சைவிடப் பத்து இருபது ரூபாய் கூடினால் கொடுக்கிறேன்.

அதுவரை, இன்றைக்கே போய்த் தலைமாட்டுப் பேரிக்காயின் கழுத்தைப் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு.