புளியங்கொட்டைக் காளைகள்

எங்கள் கிருஷ்ணகிரி மலை தெர்மாகோலால் ஆனது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் கிடைத்த நான்கு துண்டுகளை ஃபெவிகால் வைத்து அடுக்கி, கத்தியால் செதுக்கி, மேலே சலித்த மணல் தூவி, சாம்பல் நிறம் அடித்தோம். சானமாவுக் காட்டை ஒட்டிய நண்பர் வீட்டு மாடியில், இரண்டு பிளைவுட் பலகைகளைச் சேர்த்துப் போட்ட மேசையில் அது நிற்கிறது. அடிவாரத்தில் பேட்டை, தீப்பெட்டி அளவு வீடுகள். மலை உச்சியில் திப்புவின் காவற்படை. ஒவ்வொரு சிப்பாயும் சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றே உயரம்: 15 மில்லிமீட்டர். திப்புவின் வழக்கமான காலாட்படை அணிந்த ஊதாச் சட்டையில் வெள்ளைப் புலிவரி உண்டு. அந்த உயரத்துப் பொம்மையின் முதுகில் அந்த வரியைப் போட, தூரிகையில் நாலைந்து மயிரை விட்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கோடு, பிறகு ஒரு மூச்சு. ஒரு படைப்பிரிவு முடிய எனக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று.

பழைய போர்களைச் சிறு உருவங்களை வைத்து நண்பர்கள் சேர்ந்து ஆடிப்பார்க்கும் இந்தக் கலைக்கு உலகில் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் வேர் நம் நாட்டுச் சதுரங்கத்தில்தான் இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படை பாரசீகம் வழியாக ஐரோப்பா போய், அங்கே ராணியும் பாதிரியாரும் சேர்ந்த ஆட்டமாயிற்று. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தைச் சேர்ந்த ஹெல்விக் 1780இல் அந்தச் சதுரங்கத்தை விரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களில் ஆறு, மலை, சதுப்பு எனத் தரைவகைகளைச் சேர்த்தார். அதே 1780 செப்டம்பரில்தான் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து அழித்தார்கள். அங்கே பறந்த மைசூர் ராக்கெட்டுகளை, அந்தப் போரைத் தீட்டிய ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியாது. ஆயிரக்கணக்கான சிறு மனிதர்கள் அணி அணியாக நிற்கும் அந்தச் சுவர், இந்த ஆட்டக்காரன் கண்ணுக்கு ஒரு மேசையாகவே தெரியும்.

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் இதைப் படைத்துறைப் பயிற்சியாக்கினார்கள். தந்தை 1812இல் அரசருக்கு மேசை செய்து கொடுத்தார். மகன் 1824இல் விதிநூல் வெளியிட்டார். மகன் செய்ததே பெரிய மாற்றம். இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் உட்கார்ந்தார். எதிரி எங்கே இருக்கிறான் என்பது உன் ஆட்கள் கண்ணில் படும்வரை உனக்குத் தெரியாது. சண்டையின் விளைவைப் பகடை முடிவு செய்தது. போர்க்களத்தில் தளபதி அனுபவிக்கும் இருட்டு அப்போதுதான் மேசைக்கு வந்தது. பிறகு 1913இல் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' எழுதி, ஈயச் சிப்பாய்களையும் சுருள்வில் பீரங்கியையும் வைத்து வீட்டுத் தரையில் ஆடும் முறையைச் சொன்னார். மறு ஆண்டே உலகப்போர் வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் எழுதிய 'வார் கேம்ஸ்' நூல்தான் இதை நண்பர்கள் கூடும் பொழுதுபோக்காகப் பரப்பியது. அதற்குப் பின் வந்த விதிநூல்களுக்குக் கணக்கே இல்லை. 1990இல் வந்த டிபிஏ விதிநூல் ஒரு படைக்குப் பன்னிரண்டு துண்டுகள் போதும் என்றது. அதன் படைப்பட்டியலில் தமிழர் படைக்கும் இடம் உண்டு, சிங்களர் படையோடு ஒரே பட்டியலில்.

இந்த நூல்கள் எல்லாவற்றிலும் நான் ஒரு குறையைக் காண்கிறேன். அவற்றுக்குப் போர் என்றால் திறந்த வெளி. காலையில் இரு அணி எதிரெதிரே நிற்கும், மாலையில் ஒன்று ஓடும். நம் இலக்கணம் அதை ஒரே ஒரு வகையாக மட்டும் எண்ணியது. தொல்காப்பியப் புறத்திணையில் களத்தில் நேருக்கு நேர் மோதுவது தும்பை. அதற்கு முன்னே ஆநிரை கவரும் வெட்சி இருக்கிறது, பகைவர் நாட்டின் மேல் செல்லும் வஞ்சி இருக்கிறது, அரணை வளைக்கும் உழிஞை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலம்: வெட்சி குறிஞ்சிக்குப் புறம், வஞ்சி முல்லைக்கு, உழிஞை மருதத்துக்கு, தும்பை நெய்தலுக்கு. எந்தத் தரையில் எந்தச் சண்டை என்று இவ்வளவு தெளிவாக வகுத்த வேறொரு பழைய நூலை நான் படித்ததில்லை. இன்றைய விதிநூலின் கடைசிப் பக்கங்களில் 'கொள்ளை', 'முற்றுகை', 'படையெடுப்பு' என்று தனித்தனி ஆட்டங்களைப் பட்டியலிடுகிறார்கள். நம்மிடம் அந்தப் பட்டியலுக்குப் பூக்களின் பெயரே இருக்கிறது.

இது ஏட்டுச் சுவடியோடு நின்றுவிடவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் நடுகல் இல்லாத பகுதி குறைவு. அவற்றில் எத்தனையோ கற்கள் மாட்டுக்காக விழுந்தவனைப் பற்றியவை. 'தொறு' என்பது கல்வெட்டுச் சொல். மந்தை என்று பொருள். தொறுவைக் கவர்ந்தபோது பட்டவன், மீட்டபோது பட்டவன். இந்த மண்ணில் போர் மாட்டிலிருந்து தொடங்கியது. 1791இலும் அது மாட்டில்தான் வந்து நின்றது என்பதே நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது.

மூன்றாம் மைசூர்ப் போர். 1791 மே 15 அன்று ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே அரகெரேயில் திப்புவை வென்றார். வென்ற ஒரு வாரத்தில் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். காரணம், பீரங்கி இழுக்கும் காளைகள் பசியிலும் நோயிலும் செத்து விழுந்தன. சிப்பாய்க்கு அரிசி இல்லை. திரும்பும் வழியில் மராட்டியப் படை வந்து சேர்ந்தது. அதோடு வந்த பிரிஞ்சாரிகளின், அதாவது பஞ்சாரா வணிகர்களின், தானியப் பொதிகள்தான் அந்தப் படையைப் பிழைக்க வைத்தன. தும்பையில் வென்றவன் காளைக் கணக்கில் தோற்றான். எந்த விதிநூலைக் கொண்டு அரகெரேயை ஆடினாலும் கார்ன்வாலிஸ் ஜெயித்துவிட்டார் என்றே மேசை சொல்லும்.

அடுத்து அவர் திரும்பிய திசை நம் திசை. கிழக்கே கீழுள்ள கர்நாட்டிக் (ஆற்காட்டு) சமவெளியிலிருந்து தானியம் மேலே ஏற வேண்டுமானால் பாராமகாலின், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின், கணவாய்கள் திறக்க வேண்டும். ஜூலை நடுவில் ஓசூர்க் கோட்டையைக் காவற்படை கைவிட்டுப் போனது. அதே மாதம் மேஜர் கௌடி ராயக்கோட்டையின் கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தார், மேல்கோட்டை பணிந்தது. பாலக்கோட்டுக் கணவாய் திறந்தது. ஆகஸ்டில் ஆம்பூரிலிருந்து அந்த வழியாக ஒரு வரிசை மேலே வந்தது. அப்போரில் பணியாற்றிய மேஜர் டிரோம் 1793இல் வெளியிட்ட வரலாற்றில் அதை எழுதியிருக்கிறார்: பணம் சுமந்த நூறு யானைகள் இரண்டிரண்டாக முன்னே, அரிசி சுமந்த ஆறாயிரம் காளைகள், சாராயம் ஏற்றிய நூறு வண்டிகள், பின்னால் நூற்றுக்கணக்கான கூலியாட்கள். இன்றைக்கு ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் சாலை சானமாவுக் காட்டை ஒட்டித்தான் போகிறது.

எங்கள் மேசையில் ஒரு புளியங்கொட்டை நூறு காளை. அறுபது கொட்டை, ஆறாயிரம். கேழ்வரகு மணி அரிசிப் பொதிக்கு. ஒவ்வொரு சுற்றிலும் படை நகரும் முன் காளைக்குத் தீனி கழிக்க வேண்டும். மழை என்று பகடை சொன்னால் இரண்டு கொட்டை சாகும். கொட்டை தீர்ந்த பீரங்கி நகராது. இந்த விதி எழுதியவர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றின் டூல்ரூமில் வேலை பார்க்கும் நண்பர். முதலில் சலிப்பாக இருந்தது. மூன்றாவது வாரம் எங்கள் மூவருக்கும் சிப்பாயைப் பார்க்கவே மனமில்லை, கொட்டையையே எண்ணிக்கொண்டிருந்தோம். கார்ன்வாலிஸ் ஏன் ராயக்கோட்டைக்கு வந்தார் என்று புத்தகத்தில் பலமுறை படித்தவன் நான். கையில் ஏழு கொட்டை மிஞ்சியபோதுதான் அது புரிந்தது.

ஊர்க்காரர்களுக்கு இந்த மாதிரி ஆட்டம் புதிதல்ல. கோயில் தளத்திலும் பாறையிலும் ஆடுபுலி ஆட்டக் கோடு கிறுக்கியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு தரப்பும் சமமில்லை, வெற்றிக்கான வழியும் ஒன்றல்ல. ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் மடக்க வேண்டும். மலைக்கோட்டைப் போருக்குச் சதுரங்கத்தை விட இதுவே நெருங்கிய மாதிரி. கொலுவும் உண்டு. சிறு உருவங்களைக் கதையாக அடுக்கும் கை நம் வீடுகளில் பெண்களுக்கு வாய்த்தது. தெர்மாகோல் மலையில் பாதை எங்கே வளைய வேண்டும் என்று எங்களுக்குக் காட்டியது நண்பரின் அம்மாதான். "படிக்கட்டு மாதிரி நேரா வெக்காதீங்கப்பா, மலைன்னா சுத்தித்தான் ஏறணும்" என்றார்.

கிருஷ்ணகிரி ஆட்டம் 1791 நவம்பரில் நடந்தது பற்றியது. லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல் இரவில் பேட்டையைத் திடீரென்று பிடித்தார். மேலே ஓடிய காவலர்களோடு கலந்து கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்று அவர் ஆட்கள் துரத்தினார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஏணி வைத்தார்கள், மேலிருந்து உருண்ட பாறைகள் ஏணியையும் ஆளையும் நசுக்கின. மலை விழவில்லை. நாங்கள் மூன்று முறை ஆடினோம். ஒருமுறை நான் கதவைப் பிடித்தேன். பகடையில் ஆறு விழுந்தது, அவ்வளவுதான். பகடைக்கு இடம் கொடுக்காத வரலாற்று வாசிப்பு நடந்ததையெல்லாம் நடந்தே தீர வேண்டியதாகக் காட்டிவிடுகிறது. அந்தக் கதவு ஒரு நொடி தாமதமாகச் சாத்தியிருக்கலாம் என்பதை மேசை மறக்க விடுவதில்லை.

எனக்குள்ள உறுத்தலையும் சொல்ல வேண்டும். ஏணியில் ஏறியவர்களிலும் தமிழும் தெலுங்கும் பேசும் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். பேட்டை வீடுகளில் குடும்பங்கள் இருந்தன. கடைகளில் கிடைக்கும் பொம்மைகளில் அதிகாரி இருக்கிறார், கொடி பிடிப்பவர் இருக்கிறார். பொதிமாடு ஓட்டும் பிரிஞ்சாரிப் பெண்ணைத் தேடிப் பிடிப்பதே பாடு. தீப்பெட்டி வீடுகளைப் படை தாண்டும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணி கேழ்வரகு எடுத்து ஓரமாக வைக்க வேண்டும் என்று ஆசிரியராக இருக்கும் நண்பர் சேர்த்த விதியை நாங்கள் இன்னும் நீக்கவில்லை. அந்த மணியால் யாருக்கும் புள்ளி கிடைக்காது. ஆட்டம் முடிந்ததும் எண்ணுவோம்.

மூன்றாவது ஆட்டம் பாதியில் நின்றது. இரவு பத்தரை இருக்கும். கேழ்வரகு அறுவடைக் காலம். வெளியே வெடிச் சத்தம், டார்ச் வெளிச்சம், "ஆனை, ஆனை" என்று மூன்று பாஷையிலும் கூச்சல். மாடி விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். வயலோரம் கருமையாக ஏதோ அசைந்தது, பிறகு இன்னொன்று. பன்னிரண்டு வரை எண்ணினேன், அதற்கு மேல் மரத்தோடு கலந்துவிட்டது. எதிர் வயல்காரர் அந்த ராத்திரி அரை ஏக்கர் இழந்தார். காலையில் மிதிபட்ட கதிர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற அவரிடம் பேச எங்களுக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

அடுத்தது ராயக்கோட்டை. அதற்கு யானை வேண்டும். டூல்ரூம் நண்பர் எம்-சீலில் ஒரு யானை பிடித்து, சிலிக்கான் அச்சு எடுத்திருக்கிறார். ஈயமும் வெள்ளீயமும் உருக்கி ஊற்றுவதை அவர் வீட்டு முற்றத்தில், முகமூடி போட்டுக்கொண்டு செய்கிறோம். முதல் வார்ப்பில் துதிக்கை நிரம்பவில்லை. அச்சில் காற்று போக ஒரு கீறல் போட்டபின் நிரம்பியது. ஒரு பொம்மை பத்து யானைக்குக் கணக்கு. பத்து வேண்டும், இரண்டிரண்டாக நிற்க. இதுவரை ஆறு.