குறிப்பும் பயனும்: பறவைகளின் இனப்பெருக்க முடிவு குறித்த ஒரு திறனாய்வு

பறவைகள் இனப்பெருக்கக் காலத்தை ‘முடிவு செய்கின்றன’ என்னும் வழக்கு, அவை வருங்கால உணவுநிலையை முன்னறிகின்றன என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. இவ்வெண்ணம் மறுஆய்வுக்குரியது.

கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் 1920களில் ஜங்கோ பறவைகளுக்குச் செயற்கை ஒளியால் பகற்பொழுதை நீட்டித்தார். கடுங்குளிரிலும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ச்சியுற்றன. பறவை ஒளியென்னும் குறிப்பிற்கே இணங்கியது. 1938இல் ஜான் பேக்கர், காலத்தை உணர்த்தும் அண்மைக் காரணியையும் அக்காலத்தைப் பயனுடையதாக்கும் இறுதிக் காரணியையும் வேறுபடுத்தினார்.

இவ்வேறுபாடு தெளிவானதே, எனினும் இரண்டிற்கும் இடையிலான பிணைப்பை நிலையானதாகக் கொள்வது பிழை. பெரிய பட்டாணிக்குருவி, குஞ்சுகளுக்குக் கம்பளிப்புழு மிகுதியாகத் தேவைப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே முட்டையிடுகிறது. நெதர்லாந்தின் ஹோகே வேலுவேயில் 1973 முதல் 1995 வரையிலான தரவுகளை ஆராய்ந்த மார்செல் விஸ்ஸர் குழுவினர், புழுக்காலம் முந்தியும் முட்டையிடும் நாள் முந்தவில்லை எனக் கண்டனர். அங்கு வெப்ப உயர்வு பெரிதும் முட்டையிடலுக்குப் பிந்திய வாரங்களிலேயே நேர்ந்தது. இங்கிலாந்தின் வைதம் காட்டிலோ, அதே இனம் அரை நூற்றாண்டளவில் ஏறத்தாழ 14 நாள்கள் முந்தி, புழுக்காலத்தோடு இயைந்து சென்றது.

ஆகவே, ஹோகே வேலுவேயில் பிறழ்ந்தது பறவையின் உணர்திறன் அன்று; குறிப்பிற்கும் பயனுக்கும் இடையே அவ்விடத்தில் நிலவிய உறவே. ஓரிடத்து முடிவைக் கொண்டு ஓரினத்தின் எதிர்காலத்தை வரையறுப்பது ஆய்வுநெறிக்குப் பொருந்தாது.