மலேனியாவை நான் வெல்லவில்லை

2022 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை இரவு, எல்டன் ரிங் விளையாட்டில் மலேனியாவைக் கொன்றேன். அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் அவளிடம் முப்பது நாற்பது முறை செத்திருப்பேன். பிறகு யூட்யூபில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் சொன்ன வாளை எடுத்தேன், சொன்ன லெவலுக்கு ஏறினேன், சொன்ன உதவியாளை அழைத்தேன். நாலே நிமிடம். திரையில் தங்க எழுத்துகள் வந்தன. நான் எழுந்துபோய்ப் பால் காய்ச்சினேன்.

அந்த லெவலுக்கு ஏறிய கதையையும் சொல்ல வேண்டும். மோக்வின் அரண்மனை என்ற இடத்தில், ஒரு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ராட்சதப் பறவை ஒன்று நிற்கும். இந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்பு விட்டால் கோபத்தோடு நம்மை நோக்கி ஓடிவந்து, நேராகப் பள்ளத்தில் விழுந்து செத்துவிடும். நமக்கு 11,000 ரூன்களுக்கு மேல் கிடைக்கும். பக்கத்திலேயே ஓய்வெடுத்தால் பறவை பழையபடி நின்றுகொண்டிருக்கும். மறுபடி அம்பு, மறுபடி பள்ளம். ஒரு மாலை முழுக்க இதைத்தான் செய்தேன், அதுவும் போன் பேசிக்கொண்டே. என் தொழிலில் இதற்கு பக் என்று பெயர். டிக்கெட் போட்டு மறுநாளே சரிசெய்யச் சொல்வார்கள்.

விளையாடுபவர்கள் இதை ‘சீஸ் பண்றது’ என்பார்கள். கஷ்டமான எதிரியை, வடிவமைத்தவர் எதிர்பார்த்த வழியில் மோதாமல், ஏதோ ஓர் ஓட்டை வழியாக முடிப்பது. நம் தெருவில் இதற்கு முன்பே ஒரு பெயர் உண்டு: அழுகுணி ஆட்டம். ஆனால் தெருவில் அழுகுணி ஆடினால் எதிரே ஆடுகிறவன் சண்டைக்கு வருவான். மலேனியா வரமாட்டாள். தனியாக விளையாடும் விளையாட்டில் ஏமாற்றப்பட்டவர் என்று ஒருவருமே இல்லை. அப்படியென்றால் பால் காய்ச்சும்போது எனக்கு வந்த அந்த வெறுமை யாருடைய புகார்?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் இரண்டு தயார் பதில்கள் உண்டு. 2019இல் செகிரோ வந்தபோது, பத்திரிகையாளர் ஒருவர் கடைசிப் போரை மோடு போட்டு, வேகத்தைக் குறைத்து முடித்ததாக எழுதினார். அவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டார் என்று யாரோ மிகுந்த தீவிரத்தோடு ஒரு பதில் போட, அது மீமாகி இன்றுவரை சுற்றுகிறது. அது ஒரு தரப்பு. காசு கொடுத்து வாங்கியவன் எப்படி வேண்டுமானாலும் ஆடுவான் என்பது இன்னொரு தரப்பு. முதலாவது ஒழுக்க வகுப்பு எடுக்கிறது. இரண்டாவது கேள்வியையே தள்ளிவிடுகிறது. இரண்டிலும் எனக்கு ஒப்புதல் இல்லை.

ஏனென்றால் நாங்கள் வளர்ந்ததே குறுக்குவழியில்தான். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டு டிவி கேமில் போட்ட காசெட்டில் காண்ட்ரா இருந்தது. மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அழுத்தினால் 30 உயிர். அந்த வரிசையை முதலில் எழுதியவர் ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் இருந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் என்ற விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றும்போது சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவராலேயே அதை முடிக்க முடியவில்லை. அதனால் தனக்காக ஒரு கதவு வைத்துக்கொண்டார். அதை எடுக்காமலேயே விளையாட்டு வெளியே போய்விட்டது. உலகின் மிகப் புகழ்பெற்ற சீட் கோட், செய்தவரே தோற்றுப்போனதால் பிறந்தது. அதற்குப் பிறகு காந்திபுரம் பக்கத்து பிரவுசிங் சென்டரில் வைஸ் சிட்டி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடுகளை எழுதி வைத்திருப்போம். மணிக்கணக்கில் காசு கட்டும் இடத்தில் மிஷன்களை முறையாக முடித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? டேங்க்கை வரவழைத்து ஊரை ஒருவழி பண்ணிவிட்டு வீட்டுக்குப் போவோம். அதில் எந்த வெறுமையும் இருந்ததில்லை.

கஷ்டத்துக்குப் பெயர்போன ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனமே குறுக்குவழிகளை விரும்பி வைக்கிறது. 2011இல் வந்த டார்க் சோல்ஸில் முதல் பாஸ் எதிரே வரும்போது நம் கையில் இருப்பது உடைந்த வாள். தரையில் இருக்கும் குறிப்பு ஓடிப்போ என்கிறது. ஓடி, சுற்றி, மேலே ஏறி, அவன் தலைமேல் குதித்தால் பாதி உயிர் போய்விடும். முதல் பாடமே அதுதான்: நேருக்கு நேர் நிற்காதே. எல்டன் ரிங்கில் மார்கிட்டைத் தரையோடு கட்டிப்போடும் சங்கிலியை 5,000 ரூனுக்குக் கடையிலேயே விற்கிறார்கள். விற்பவன் பேட்சஸ், இந்த நிறுவனத்தின் விளையாட்டுகளில் திரும்பத் திரும்ப வந்து நம்மைப் பள்ளத்தில் தள்ளும் அயோக்கியன். நகைச்சுவை அவர்களுக்கும் உண்டு. ஆகவே ‘செய்தவரின் நோக்கத்துக்கு விரோதம்’ என்ற வாதம் நிற்காது.

எளிய மோடு வேண்டுமா என்ற விவாதத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. நம் தெருவில் உப்புக்குச் சப்பாணி இருந்தது. சின்னத் தம்பியையோ தங்கையையோ ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அவுட் கிடையாது, ஆனால் ஓடலாம், கத்தலாம். பெயர் இன்று காதுக்கு நன்றாக இல்லை, ஏற்பாடு நல்லது. கை நடுங்குகிறவருக்கும், கண் மங்கியவருக்கும், குழந்தை தூங்கும் அரைமணி நேரம் மட்டும் கிடைக்கிறவருக்கும் ஒரு வழி திறந்திருப்பதால் என் ஆட்டம் எதையும் இழக்கவில்லை. என் பிரச்சினை அது இல்லை. எனக்குக் கை நடுங்கவில்லை. அந்தச் சனி ஞாயிறு எனக்கு வேறு வேலையும் இல்லை.

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி 1978இல் ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற நூலில் விளையாட்டுக்கு ஒரு வரையறை கொடுத்தார். தேவையில்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்றுக்கொண்டு கடக்க முயல்வதுதான் விளையாட்டு. கோல்ஃபில் பந்து குழியில் விழுவதுதான் குறி என்றால் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாமே. யாரும் அப்படிச் செய்வதில்லை. இதை வைத்துப் பார்த்தால் நான் செய்தது பந்தைக் கையில் எடுத்துப் போட்டது. விடை கிடைத்துவிட்டது போலத் தெரிகிறது.

ஆனால் இந்த விடையில் ஸ்பீட்ரன் ஆட்கள் அடங்கவில்லை. பிப்ரவரி 25 அன்று வெளியான எல்டன் ரிங்கை ஏப்ரல் முடிவதற்குள் 7 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். சரியான ஃபிரேமில் பொத்தானை அழுத்தினால் பாத்திரம் வரைபடத்தில் வெகுதூரம் தூக்கி எறியப்படும் ஒரு பக்கைப் பிடித்து, அதைத் திரும்பத் திரும்பப் பழகி, பாதி உலகத்தைத் தாண்டிப் போனார்கள். என் பறவையைப் போல ஆயிரம் மடங்கு பெரிய ஓட்டை. ஆனால் அவர்கள் விளையாடவில்லை என்று யார் சொல்வது? என்னைவிட அதிகம் விளையாடியவர்கள் அவர்கள்தான்.

வித்தியாசம் எங்கே என்று யோசித்தபோது மாம்பழக் கதைதான் நினைவுக்கு வந்தது. உலகத்தைச் சுற்றி வருபவருக்குப் பழம் என்பது போட்டி. பிள்ளையார் அப்பா அம்மாவைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். இது அப்பட்டமான எக்ஸ்ப்ளாய்ட். ‘உலகம்’ என்ற சொல்லில் இருந்த ஓட்டையை அவர் பார்த்தார். ஆனால் நமக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அவர் அதை யோசித்தார். விதியை முருகனைவிட உன்னிப்பாக வாசித்தவர் அவர். நல்ல எக்ஸ்ப்ளாய்ட் என்பது ஒரு நல்ல வாசிப்பு. அந்தப் பறவை பள்ளத்தில் விழும் என்று முதன்முதலில் கண்டுபிடித்த ஆள் யாரோ, அவர் அன்றைக்குத் துள்ளியிருப்பார். நான் துள்ளவில்லை. அவர் வாசித்தார், நான் பார்த்து எழுதினேன்.

பார்த்து எழுதுவதில் எனக்குப் பயிற்சி உண்டு. பத்தாவது முடித்ததும் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை நாங்கள் சரியாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பொதுத்தேர்வு பன்னிரண்டுக்குத்தான், அதனால் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை பத்து மார்க் கேள்வி வரும் என்று புளூபிரிண்ட் பார்த்துத் தேவையில்லாததைக் கழித்துவிடுவார்கள். மீதியைத் திரும்பத் திரும்ப எழுதுவோம். அம்பு, பள்ளம், அம்பு, பள்ளம். 2007இலிருந்து பொறியியலுக்கு நுழைவுத்தேர்வும் இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்குக் கட்ஆஃப், அவ்வளவுதான் உலகம். எனக்கு நல்ல கட்ஆஃப் வந்தது. கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வந்தது, ஏனென்றால் லிமிட்டும் வகையீட்டின் அடிப்படையும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தன.

அரசு இந்த ஓட்டையை அடைக்க 2017-18 கல்வியாண்டில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. பேட்ச் போட்டார்கள் என்று சொல்லலாம். 2025இல் புதிய மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வை விலக்கினார்கள். எது சரி என்ற வாதத்துக்குள் போகவில்லை. அந்தப் பள்ளியில் என்னைச் சேர்த்ததற்காக வீட்டின்மேல் எனக்குக் கோபமும் கிடையாது. அந்தத் தடை எங்களுக்குத் தேவையில்லாத தடை இல்லை, நாங்கள் விரும்பி ஏற்றதும் இல்லை. எங்களுக்கும் ஒரு வேலைக்கும் நடுவே யாரோ வைத்த சுவர் அது. சுவரில் ஓட்டை இருந்தால் நுழைவதுதான் புத்தி. ஆனால் அப்படி நுழைந்தே பழகியவனுக்கு ஒரு நோய் வந்துவிடுகிறது. எதைப் பார்த்தாலும் புளூபிரிண்ட் தேடுவான். தானாக விரும்பிப் போய் நின்ற இடத்திலும், சுவர் எங்கே, ஓட்டை எங்கே, யார் வீடியோ போட்டிருக்கிறார்கள் என்று தேடுவான்.

மலேனியாவிடம் நான் தவறவிட்டது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. அவள் நம்மை வெட்டும் ஒவ்வொரு முறையும் அவள் உயிர் கொஞ்சம் கூடும். கேடயத்தில் தடுத்தாலும் கூடும், நாம் அழைத்த உதவியாளை வெட்டினாலும் கூடும். ஒளிந்து நின்று தாங்கிக்கொள்கிறவனை அந்த விதி தண்டிக்கிறது. கிட்டே வா, தப்பாமல் விலகு என்கிறது. அவள் காற்றில் எழும்பி ஒரு கணம் அப்படியே தொங்குவாள். அதற்குப் பிறகு வருவது நீர்ப்பறவை நடனம் எனப்படும் தொடர் வெட்டுகள். அந்த ஒரு கணம்தான் அந்தப் போர். பயப்படாமல் எப்போது ஓடுவது, எப்போது உள்ளே போவது என்று உடம்பு கற்றுக்கொள்ள வேண்டிய கணம். என் வாள் ரத்தக்கசிவு தரும் வாள். அது எதிரியின் மொத்த உயிரில் ஒரு பங்கை அப்படியே கழித்துவிடும். என் உதவியாள் என்னைப் போலவே இருக்கும் நகல், மிமிக் டியர். இரண்டு பேரும் சேர்ந்து கழித்ததில் அந்தக் கணத்தை நான் ஒருமுறைகூட நின்று பார்க்கவில்லை. ஒரு நாவலைச் சுருக்கம் படித்துத் தேர்வு எழுதியது போலத்தான். கதை தெரியும், வாசிக்கவில்லை.

அப்பா இருபது வருடத்துக்கும் மேலாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார். கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. மலை ஏற விஞ்ச் இருக்கிறது, 2004இலிருந்து ரோப்காரும் இருக்கிறது. பழத்தைத் தோற்றுக் கோபித்துப் போனவனைப் பார்க்க ஏன் இப்படிக் கால் தேய நடக்கிறார்கள் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. ஒரு வருடம் முட்டிவலியால் உடுமலையிலேயே பஸ் ஏறி, ரோப்காரில் மேலே போய்க் கும்பிட்டு வந்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருசமா நடக்கறீங்களே என்று போன வாரம் எண்ணிச் சொன்னபோது ஒன்றைக் குறைத்தார்.

“அந்த வருசத்தயெல்லாம் கணக்குல சேத்தக் கூடாது சாமி.”

“ஏனுங்கப்பா, அன்னைக்கும் சாமி கும்பிட்டுத்தானே வந்தீங்க?”

“கும்பிட்டது சரி. நடக்கலியே.”

அவர் குரலில் வருத்தம் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. அந்த வருடம் வேறு, இந்தக் கணக்கு வேறு. நான் புது ஆட்டம் தொடங்கியிருக்கிறேன். மலேனியாவிடம் இதுவரை பத்தொன்பது முறை செத்தாயிற்று. நேற்றிரவு முதல்முறையாக, அவள் காற்றில் தொங்கிய அந்தக் கணத்தில், ஓடாமல் நின்று பார்த்தேன். அப்புறம் செத்தேன்.