தண்ணீர் வார்த்த தாய்

துயருற்றோருக்கு ஆறுதல் கூறுவது இரக்கச் செயல்களுள் ஒன்று என்பதை நாம் சிறுவயதிலேயே ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம். ஆனால் எப்படி ஆறுதல் கூறுவது என்பதை யாரும் கற்பிக்கவில்லை. குருமடத்தில் பயின்ற இறையியல் நூல்கள் துன்பத்தின் காரணத்தை விளக்கின. துன்புறுகிறவரின் அருகில் அமர்வது எவ்வாறு என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பாடத்தின் முதல் எழுத்துகளை நாம் கற்றது ஒரு சிறுகதையில். 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' அது.

கதை பலரும் அறிந்ததே. மழை கொட்டும் ஒரு மாலையில் கல்லூரி மாணவி ஒருத்தி முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். சீரழிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். நடந்ததைக் கேட்ட விதவைத் தாய் ஆத்திரத்தில் மகளை அடித்து அலறுகிறாள். சத்தம் கேட்டு அண்டை வீட்டார் வருகின்றனர். அந்தக் கணத்தில் தாய் மாறிவிடுகிறாள். மகள் மழையில் நனைந்து வந்ததைக் காரணமாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, அவளை அழைத்துச் சென்று தலையில் தண்ணீர் வார்க்கிறாள். அவள்மீது கறை ஏதுமில்லை என்று தேற்றுகிறாள். தலைப்பில் இருப்பது நெருப்பு. கதையில் மகளைத் தொடுவது நீர். திருமுழுக்குத் தண்ணீரின் பொருளறிந்த நமக்கு இந்த மாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

இக்கதையின் தலையாய சிறப்பாக நாம் கருதுவது, ஆறுதல் சொல்பவள் முதலில் தவறுகிறாள் என்பதே. ஆசிரியர் அவளைப் புனிதையாக்கவில்லை. அவளுக்குள்ளும் ஊர் பேசுகிறது. அவள் கையும் ஓங்குகிறது. பின்னரே அவள் தாயாகிறாள். அவளது தேற்றுதலில் விசாரணை இல்லை. 'ஏன் ஏறினாய்' என்னும் குறுக்குக் கேள்வி மீண்டும் எழவில்லை. முதலில் கைகள் பணி செய்கின்றன, சொற்கள் பின்னால் வருகின்றன.

இதே நிகழ்ச்சியை ஜெயகாந்தன் மறுபடியும் எடுத்துக்கொண்டார். அந்தத் தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்ன ஆகும் என்னும் வினாவுக்கு விடையாக எழுந்தது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற நாவல் இது. இங்கே தாயின் கூக்குரலால் செய்தி ஊரறிந்ததாகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். மாமன் வெங்கு அடைக்கலம் தருகிறார், படிக்க வைக்கிறார், அறிவுரையும் தருகிறார். ஒழுக்கத்தின் பெயரால் அவர் பேசும் சொற்கள் கங்காவைச் சிறிது சிறிதாக ஒரு மூலைக்குத் தள்ளுகின்றன. அவர் உள்ளத்தில் அவள்மீதே ஒரு தகாத விருப்பம் ஒளிந்திருக்கிறது. தாயும் மாமனும் ஒரே காயத்தின் முன் நிற்கிறார்கள். ஒருத்தி மகளிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை; மற்றவர் எதிர்பார்க்கிறார். ஆறுதலுக்கும் வற்புறுத்தலுக்கும் இடையிலுள்ள கோடு இதுவே.

நமக்கு வெங்கு மாமாவின் இழிந்த விருப்பம் இல்லை என்று நாம் நிம்மதி கொள்ளலாகாது. வேறு விருப்பங்கள் இருக்கின்றன. யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்தபோது அவர்களுக்கு ஒரு தேவை இருந்தது: தங்கள் இறையியல் சரியென நிலைபெற வேண்டும்; அதற்கு யோபு குற்றவாளியாக வேண்டும். இறுதியில் ஆண்டவர் கடிந்துகொண்டது அவர்களையே.

நாமும் அந்த மூவரோடு நான்காமவராக இருந்ததுண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியபோது, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பிள்ளைகளைப் போல வளர்த்த மரங்கள் விழுந்து கிடக்க, அவற்றினிடையே நின்ற பெரியவர் ஒருவரிடம், "எல்லாம் இறைவனின் திருவுளம், ஐயா" என்றோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்து, "சாமி, மரத்தை அறுக்க ஆள் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். நாம் விளக்கம் கொண்டுபோயிருந்தோம். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ரம்பமும் இரண்டு கைகளும். அவர் விசுவாசத்தைக் காப்பதாக எண்ணி, உண்மையில் நம் சங்கடத்தையே நாம் மூடிக்கொண்டிருந்தோம்.

இனி, கதையின் குறையையும் சொல்லியாக வேண்டும். தாய் மகளைக் கழுவித் தூய்மையாக்கிவிட்டு, நடந்ததை மறைத்துவிடவும் செய்கிறாள். ஊரின் நாவுக்கு அஞ்சிய அக்காலத்தில் அது அரணாக இருந்திருக்கலாம். ஆயினும் அந்த மௌனத்தை மகள் தேர்ந்துகொள்ளவில்லை. கார்க்காரனும் தண்டனையின்றித் தப்புகிறான். கதை முழுவதும் முடிவு செய்பவள் தாயே. இன்று அத்தகைய மௌனம் எப்போதும் அறமாகாது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்மீது இழைக்கப்படும் பாலியல் குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அன்பு மிகுந்த ஆறுதலும் சில வேளை பிறருடைய குரலை எடுத்துக்கொள்கிறது என்பதை இவ்விடத்தில் நாம் கற்கிறோம்.

மனச்சான்று மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் உணர்த்தியது. மனச்சான்றை உருவாக்குவதே நம் பணி, அதன் இடத்தில் நாம் அமர்வதன்று என்று 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் நினைவூட்டினார். திருமண முறிவோ, முதிய பெற்றோரைப் பேணும் சிக்கலோ, நீண்ட நோயில் சிகிச்சையைத் தொடர்வதா என்னும் கேள்வியோ நம்மிடம் வரும்போது, திருச்சபையின் படிப்பினையைத் தெளிவாகச் சொல்வது நம் கடமை. சொன்னபின் அந்த உள்ளறைக் கதவுக்கு வெளியே காத்திருப்பதும் கடமையே. காத்திருத்தல் கைவிடுதல் ஆகாது.

சில நாள் கழித்து அந்தப் பெரியவரின் தோப்புக்குப் பங்கின் இளைஞர் சிலரோடு மீண்டும் சென்றோம். அன்று நாம் மறையுரை ஏதும் ஆற்றவில்லை. மரங்களை அறுத்து அகற்றிய பின், வரப்பில் அமர்ந்து அவரே பேசத் தொடங்கினார். ஜெயகாந்தனின் தாய் செம்பில் முகந்த நீரை நாமும் முகக்கக் கற்போமாக. அதை யார்மீதும் வலிந்து ஊற்றாதிருக்கவும் கற்போமாக.