லயத்துக்குத் திரும்பும் ஒன்லைன் தொழில்

வாடிக்கையாளர் டொரொன்டோவில் இருக்கிறார், கோப்பு எங்கோ ஒரு சேர்வரில் இருக்கிறது, அப்படியிருக்க நான் மட்டும் எதற்காக வெள்ளவத்தையில் வாடகை கட்ட வேண்டும்? கொழும்பில் ஓர் அறை எடுத்து வடிவமைப்போ மொழிபெயர்ப்போ பேஸ்புக் வியாபாரமோ செய்கிறவர்கள் எல்லோரும் கேட்டுப் பார்த்த கேள்வி இது. மலையகப் பிள்ளைகளை இந்தக் கேள்விக்குள் இழுத்துப்போட்டவை 2020 மார்ச் ஊரடங்கும் 2022 பொருளாதார நெருக்கடியும். புறக்கோட்டைக் கடைகளிலும் அச்சகங்களிலும் இருந்தவர்கள் சபரகமுவத் தோட்டப் பகுதிகளான தெரணியகலைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் இறக்குவானைக்கும் பையோடு வந்து இறங்கினார்கள். நிலைமை சற்றுத் தெளிந்ததும் பலர் திரும்பவும் பஸ் ஏறினார்கள். கணினி வேலை தெரிந்த சிலர், இங்கிருந்தே செய்து பார்ப்போமே என்று தங்கினார்கள்.

இப்படித் தங்குவதைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் புகழ்ச்சிதான். தென்காசி அருகே மத்தளம்பாறையை உதாரணம் காட்டுவார்கள். ஸோஹோ நிறுவனம் 2011 இல் தென்காசியில் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019 இல் அமெரிக்காவை விட்டு அந்தப் பக்கமே குடிவந்தார். நல்ல உதாரணம்தான், ஆனால் 1996 இல் தொடங்கி உலகச் சந்தையைப் பிடித்துவிட்ட ஒரு கம்பனி தன் விருப்பப்படி கிராமத்தைத் தேர்ந்துகொண்ட கதை அது. நிலம் வாங்கவும் கட்டடம் எழுப்பவும் அதன் கையில் பணம் இருந்தது.

நமக்குக் கிட்டிய உதாரணம் வில்பத்துக் காட்டோரத்து மஹவிலச்சிய. 2007 இல் ஜோன் கீல்ஸ் குழுமத்தின் இன்ஃபோமேட் நிறுவனம் கொழும்பில் செய்த கணக்குப் பதிவு வேலையில் ஒரு பகுதியை அந்தக் கிராமத்து இளைஞர்களிடம் ஒப்படைத்தது. அதற்கு முன்பே அங்கே ஹொரைசன் லங்கா என்ற முயற்சி பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணினியும் சொல்லிக்கொடுத்து வந்தது. வேலை வந்தபோது செய்ய ஆள் தயாராக இருந்தார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மஹவிலச்சிய ஒரு குடியேற்றக் கிராமம். வீட்டுக்குக் காணி இருக்கிறது, காணிக்குப் பத்திரம் இருக்கிறது. ஒரு சுவரை இடித்து அறையைப் பெருப்பிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தோட்டம் அப்படிப்பட்ட கிராமம் அல்ல. 1972 காணிச் சீர்திருத்தமும் 1975 திருத்தமும் தோட்டங்களை அரசிடம் சேர்த்தன. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பின்னர் கம்பனிகள் குத்தகைக்காரர் ஆயின. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நாலு தலைமுறையாக இருப்பவருக்கு மட்டும் குத்தகைகூட இல்லை. சபரகமுவவில் இவற்றோடு சிறிய தனியார் தோட்டங்களும் கலந்து கிடக்கின்றன. அங்கே முதலாளி மாறினால் விதிகளும் மாறும். நகரத்திலிருந்து தோட்டத்துக்குத் தொழிலைக் கொண்டுவருவது பற்றிப் பேசும்போது எல்லோரும் சிக்னலைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணிப்பில் சிக்னல் இரண்டாவது தடைதான். முதல் தடை முகவரி.

யூடியூப் சனல் நடத்தும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் கூகுள் ஆட்சென்ஸ் ஓர் இரகசிய எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்பும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கலிபோர்னியாக்காரர்கள் போட்ட இந்த விதி, வீட்டுக்கு ஓர் இலக்கம், வீதிக்கு ஒரு பெயர், வாசலில் ஒரு தபால்காரர் என்ற உலகத்தை நினைத்துப் போட்டது. பல தோட்டங்களில் கடிதம் தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து யாராவது தோட்டப் பிரிவான டிவிஷனுக்குப் போகிறவர் கையில் கொடுத்தால்தான் லயத்துக்கு வரும். ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது சாதாரணம். இரகசிய எண் வந்ததா, எந்த வீட்டுக்குப் போனது என்று விசாரிப்பதிலேயே வாரங்கள் போகும்.

வியாபாரப் பெயரைப் பதிய பிரதேச செயலகத்துக்குப் போனால் முகவரித் தடை இன்னும் கெட்டியாக நிற்கும். தொழில் நடக்கும் இடத்துக்கு உறுதியோ குத்தகை ஒப்பந்தமோ காட்டச் சொல்வார்கள். லயக் காம்பராவுக்கு எதைக் காட்டுவது? தோட்டத்தை நடத்தும் துரையிடம் கடிதம் வாங்கலாம், அவர் கொடுத்தால். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை; கணக்கு இல்லாமல் பெரிய வாடிக்கையாளர் இல்லை. போதாததற்கு, நுவரெலியாவைப் போல இங்கே தமிழர் செறிந்து வாழ்வதில்லை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறார்கள். அலுவலகத்தில் நீட்டப்படும் படிவம் சிங்களத்தில் இருப்பதே வழக்கம். கொழும்பில் வேலை செய்து சிங்களம் பழகி வந்தவருக்கு அது பெரிதல்ல. சிங்களம் வாசிக்கத் தெரியாமல் தாய் தகப்பனைத் துணைக்குக் கூட்டிப்போனவருக்குத்தான் தெரியும் அந்தப் பகல் எவ்வளவு நீளம் என்று.

பொருள் விற்பவர்களின் பாடு இன்னும் மோசம். பேஸ்புக்கில் சேலை விற்கும் ஒரு வீட்டு இஸ்தோப்பில் பார்சல் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பொலித்தீன் உறை, செலோடேப், வாங்குபவரின் பெயரும் பணத்தொகையும் எழுதிய துண்டு, எல்லாம் பத்து நிமிட வேலை. அதைக் கொரியர் கிளையில் சேர்ப்பதற்கு ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போய்வந்தால் அரை நாள். ‘பொருள் கையில் கிடைத்ததும் காசு’ என்பதே இங்கே வழக்கம் என்பதால் சேலை வேண்டாமென்று திருப்பியனுப்பப்பட்டால் இரண்டு வழிச் செலவும் விற்பவர் தலையில். கொழும்பில் இருந்தால் வாசலுக்கே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததை ஆட்டோ தின்றுவிடுகிறது.

இணையத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோகும் ‘கமட்ட சன்னிவேதனய’ திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். கோபுரங்கள் கூடியிருக்கின்றன. ஆனாலும் மலை மறைத்தால் மறைத்ததுதான். வீட்டுக்குள் ஒரு கோடு, தேயிலை மலை உச்சியில் நாலு கோடு. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்தபோது இனிக் கவலையில்லை என்றார்கள். தொடக்கத்தில் சொன்ன மாதக் கட்டணம் 15,000 ரூபா அளவில், கருவிக்கு ஓர் இலட்சத்துக்கு மேல். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபா அடிப்படை நாட்கூலியில் அந்த மாதக் கட்டணம் பதினொரு நாள் சம்பளத்துக்கும் அதிகம். தனி ஆளுக்கு அது கட்டுபடியாகாது. ஒரே டிவிஷனில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு பொது அறையில் வைத்தால் கட்டுபடியாகலாம், ஆனால் அந்த அறை யாருடையது என்ற கேள்வி உடனே வந்து நிற்கும்.

இத்தனை சொன்னாலும் திரும்பி வருவதை வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன். கோப்பாகவே வந்து கோப்பாகவே போகும் வேலைகள், அதாவது வீடியோ வெட்டுதல், வடிவமைப்பு, கணக்குப் பதிவு, தமிழ்–சிங்கள மொழிபெயர்ப்பு போன்றவை லயத்திலிருந்தே நன்றாக நடக்கின்றன. இரவில் ஏற்றிவிட்டுக் காலையில் பார்க்கலாம். வெளிநாட்டுத் தமிழர்களின் சிறு கடைகளுக்கும் சனல்களுக்கும் இப்படி ஆட்கள் தேவைப்படுகிறார்கள். தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுகிற, ஓரளவு ஆங்கிலமும் வாசிக்கிற பிள்ளைகள் சபரகமுவத் தோட்டங்களில் இருப்பது போல வேறு பல இடங்களில் இல்லை. சிதறி வாழ்ந்ததில் கிடைத்த ஒரே இலாபம் அது. தொலைபேசியில் பேசி விற்கும் வேலை மட்டும் சரிவராது. பலகையால் பிரித்த ஒரு காம்பராவில் பக்கத்து வீட்டு டீவியும் இந்தப் பக்கத்து வாடிக்கையாளரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

‘ஊரில் செலவு குறைவு’ என்ற வாதத்தை மட்டும் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். செலவு எதனால் குறைகிறது? லயத்துக்கு வாடகை இல்லாததால். அந்த வாடகையை அம்மாவின் பெரட்டுக் கணக்கு, அதாவது தோட்டத்தில் அவருடைய வருகைப் பதிவு, கட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் போட்டிருக்க வேண்டும் என்ற அழுத்தம் பல தோட்டங்களில் இருக்கிறது. அம்மா ஓய்வு பெறும்போது மகனின் மடிக்கணினி அந்தப் பெயரின் இடத்தை நிரப்பாது. அதாவது கொழும்பு வாடகையில் மிச்சமாவது உண்மையில் அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த பணம். சாப்பாடும் அவர் கையால்தான். இதைக் கணக்கில் எழுதாமல் இலாபம் காட்டுகிற எந்த வெற்றிக் கதையையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

பெண்களுக்கு இது வேறு மாதிரி. பள்ளி முடித்த பல பெண்களுக்கு எதிரே இருப்பது அவிசாவளைப் பக்கத்து சீதாவக்கை ஏற்றுமதி வலயத்து ஆடைத் தொழிற்சாலை. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்பது அதோடு ஒப்பிட்டால் பெரிய வரம். ஆனால் வீட்டில் இருக்கிற பெண் ‘சும்மா இருக்கிற’ பெண்ணாகிவிடுகிறாள். தண்ணீர் எடுக்கவும், தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரவும், பக்கத்து வீட்டாருக்குப் படிவம் நிரப்பவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கோப்பு அனுப்ப வேண்டும் என்றால் யாருக்குப் புரியும்? தொழிற்சாலைக்குப் போகிறவளின் வேலை நேரத்தை ஊரே மதிக்கும், ஏனென்றால் பஸ் வந்து ஹோர்ன் அடிக்கிறது.

மழையையும் மறக்க முடியாது. 2016 மே மாதம் 17 ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்தில் லயங்களின் மேல் மண் விழுந்து உயிர்கள் போயின. மே மாதத்தில் இடம்பெயரச் சொல்லி அறிவிப்பு வரும் ஊரில் தொழில் செய்கிறவர், கோப்புகளை வீட்டுக் கணினியில் மட்டும் வைத்திருக்கக் கூடாது. பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்திருக்கும் ஒருவரிடம் ‘வேலை எப்போது முடியும்’ என்று வட்ஸ்அப்பில் கேட்கும் வாடிக்கையாளருக்கு நிலச்சரிவு என்றால் என்ன என்று விளக்கவும் நேரம் இருக்காது.

ஆகவே முழுவதுமாகத் தோட்டத்துக்குத் திரும்புவதை விட, பாதி வழியில் நிறுத்துவதே இப்போதைக்குச் செய்யக்கூடியது என்று நினைக்கிறேன். அவிசாவளையிலோ பலாங்கொடையிலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய அறையை எழுத்துமூல ஒப்பந்தத்தோடு எடுக்கலாம். வியாபாரப் பதிவு, வங்கிக் கடிதம், கொரியர் எல்லாம் அந்த முகவரிக்கு வரட்டும். வேலை வீட்டில் நடக்கட்டும், வாரத்தில் ஓரிரு நாள் டவுனுக்கு இறங்கட்டும். டவுன் வாடகை கொழும்பு வாடகையாக இருக்காது. அறையில் பக்கத்து வீட்டு டீவியும் கேட்காது. 2018 ஆம் ஆண்டின் மலையகப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் தோட்டக் குடும்பங்களுக்கான 7 பேர்ச்சஸ் காணி வீடுகளும் இந்த ஏற்பாட்டைத் தேவையற்றதாக ஆக்கியிருக்க வேண்டும். உறுதி கையில் கிடைத்த வீடுகளில் அது நடக்கலாம். லயத்தில் இருப்பவர்கள் அதுவரை பொறுத்திருக்க முடியாது.

இந்த அறைகளை வெளியூர் முதலாளிகள் கண்டுபிடிக்கும் நாளும் வரும். மும்மொழி தெரிந்த ஆள், குறைந்த நாட்கூலி நிலவும் ஊர், வாடகை இல்லாத வீடு என்ற மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரம் எடுக்காது. கொழும்பில் அதே வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதை விலை பேசும் முன் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கொழும்பில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர்களால்தான் அந்தத் தொகையைச் சொல்ல முடியும். அவர்கள் அதைத் தங்கள் டிவிஷன் பிள்ளைகளிடம் சொல்கிறார்களா, தாங்களே இடைத்தரகராகிப் பாதியை எடுத்துக்கொள்கிறார்களா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும். கங்காணி முறையை நன்றாக அறிந்த ஊர் இது.