‘வணிக மணி’ என்னும் பெயர்: ஆப்பிரிக்க அணிகலன்களில் ஐரோப்பியக் கண்ணாடி மணிகள்

ஆப்பிரிக்க அணிகலன்களில் இடம்பெறும் பழைய ஐரோப்பியக் கண்ணாடி மணிகளைச் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் ‘வணிக மணிகள்’ என்றே பெரிதும் வழங்கிவருகின்றனர். இப்பெயர் மணி கைமாறிய தருணத்தை மட்டுமே சுட்டுகிறது. அதன்பின் தலைமுறைகளாக ஆப்பிரிக்கர் கழுத்திலும் இடையிலும் அது பெற்ற வாழ்வுக்குப் பெயரில் இடமில்லை. இக்குறையையே இக்கட்டுரை ஆராய்கிறது.

பல அடுக்குக் கண்ணாடியில் விண்மீன் வடிவம் தோன்றும் செவ்ரான் மணிகளும், ‘ஆயிரம் பூக்கள்’ எனப் பொருள்படும் மில்லெஃபியோரி மணிகளும் வெனிசு நகரக் கைவினைஞர்களின் ஆக்கங்கள். பின்னர்ப் பொகீமியாவும் இச்சந்தையில் பெரும்பங்கு பெற்றது. மினுக்கும் கண்ணாடிக்கு மயங்கிப் பொன்னையும் தந்தத்தையும் இழந்தவர்கள் என ஆப்பிரிக்கரைச் சித்திரிக்கும் வழக்கமான கதை சான்றுகளின் முன் நிற்பதில்லை. 1860இல் வெளிவந்த பர்ட்டனின் கிழக்காப்பிரிக்கப் பயணநூலும் 1872இல் வெளிவந்த ஸ்டான்லியின் நூலும், ஓரிடத்தில் விரும்பப்படும் நிறம் அடுத்த நாட்டில் செல்லாக்காசாகும் என்பதைப் பதிவுசெய்கின்றன. இலண்டன் வணிகர் லெவினின் மணி மாதிரி அட்டைகள் (1851–1869) பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் வகைப்பெருக்கத்தை உற்பத்தியாளரின் கற்பனைக்கு மட்டும் உரியதாகக் கொள்ளவியலாது. வாங்குவோரின் கண்டிப்பும் அதில் பதிந்துள்ளது.

கண்ணாடித் தொழில்நுட்பம் ஆப்பிரிக்காவுக்குப் புதிதுமன்று. நைஜீரியாவின் இஃபே நகரிலுள்ள இக்போ ஒலோகுன் அகழாய்வு, ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே அங்குக் கண்ணாடி உருவாக்கப்பட்டதைக் காட்டுகிறது. தென்னாப்பிரிக்காவின் மாப்புங்குப்வே வட்டாரத்தில் தெற்காசியச் சிறுமணிகளை உருக்கிப் பெரிய மணிகளாக வார்த்துள்ளனர். கானாவின் குரோபோ மக்கள் உடைந்த மணிகளையும் புட்டிகளையும் பொடித்துக் களிமண் அச்சுகளில் இட்டுச் சுடுகின்றனர். துளைக்காக நடுவில் நிறுத்தும் மரவள்ளி இலைக்காம்பு சூளையில் எரிந்துபோகிறது. பெண்மக்களின் பூப்புச் சடங்கான டிப்போவில் அம்மணிகள் குடும்பச் சொத்தாக வெளிப்படுகின்றன.

எனினும், வாங்குவோரின் தேர்வுரிமையை வலியுறுத்தும் அண்மைக்கால ஆய்வுப்போக்கிலும் ஓர் இடர் உண்டு. இம்மணிகள் அடிமை வணிகத்திலும் விலைப்பொருளாயின. நிறத்தைத் தேர்ந்தவரும் அந்நிறத்துக்கு விற்கப்பட்டவரும் ஒருவரல்லர். ‘ஆப்பிரிக்கர் தேர்ந்தனர்’ என்னும் தொடர் தலைவனையும் தரகனையும் சிறைப்பட்டவனையும் ஒரே எழுவாய்க்குள் அடக்கிவிடுகிறது. பழைய கதையை மறுக்கும் வேகத்தில் இவ்வேறுபாடு நழுவுகிறது என்பதே என் கருத்து.

அரிக்கமேட்டு மணிகளை ஏற்றுமதிச் சான்றாக மட்டும் எண்ணிப் பெருமிதம் கொள்ளும் நம் வழக்கத்துக்கும் இது பொருந்தும். அணிந்தவர் யார் என்ற வினா அங்கும் அரிதாகவே எழுகிறது.

‘வணிக மணி’ என்பதை விடுத்து, செய்த இடம், அணிந்த சமூகம், மறுவார்ப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே பதியும் விவரிப்பு முறையே ஏற்புடையது. வெனிசு மணியைப் பொடித்துக் குரோபோவில் வார்த்த ஒரு மணிக்கு, இன்றைய பட்டியல்களில் ‘தோற்றம்’ என்னும் கட்டத்தில் ஓர் ஊர்ப்பெயர் எழுதவே இடமிருக்கிறது.