பெருந்திணையும் மோகமுள்ளும்

தொல்காப்பியர் நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டென வகுத்தார். உள்ளத்து நிகழ்வது மெய்யிற் புலப்படுதலே மெய்ப்பாடு. அது கதை மாந்தரோடு நின்றுவிடுவதில்லை, கற்பாரையும் பற்றுவது. தி. ஜானகிராமன் (1921–1982) இயற்றிய 'மோகமுள்' இதற்குத் தக்க சான்றாகும். 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வெளிவந்த இந்நாவலைக் கற்றோருள் நெஞ்சம் நெகிழ்ந்தாரும் உளர்; முகஞ் சுளித்தாரும் உளர். இவ்விரண்டற்கும் காரணம் ஒன்றே என்பதை ஈண்டுக் காட்டுவோம்.

குடந்தையிற் பயிலும் பாபு, தன்னினும் பத்தாண்டு மூத்த யமுனாவிடம் காதல் கொள்ளுகிறான். தலைவி முதியளாகத் தலைவன் இளையனாதலை இளம்பூரணர் 'இளமை தீர் திறம்' என்பதனுள் அடக்குவர். ஆகவே, மரபு நோக்கின் இது பெருந்திணை. ஐந்திணை மாந்தர்க்கு இரங்கிப் பழகிய நம் உள்ளம் பெருந்திணை மாந்தர்க்கு எளிதில் இரங்குவதில்லை. முகஞ் சுளித்தார் நின்ற இடம் இதுவே.

வேட்கையின் மிகுதி ஒன்றே கற்பாரைக் கலக்குமோ எனின், கலக்காது. எங்கள் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், உலா வந்த இறைவனைக் கண்டு வசந்தவல்லி மயங்குகிறாள், நிலவைப் பழிக்கிறாள், தோழியைத் தூது விடுக்கிறாள். அவள் துயரம் நமக்கு இன்பமே தருகின்றது. காதலிக்கப்பட்டவன் கடவுள்; துயரைச் சொல்வது இசை; குறத்தியின் குறியோ நன்மொழி. இம்மூன்றும் கற்பார்க்கு அரண்.

மோகமுள்ளில் இவ்வரண் இல்லை. யமுனா மராத்தியத் தாய்க்கும் தமிழ் அந்தணருக்கும் பிறந்தவள். அப்பிறப்பாலேயே மணம் தடைப்பட்டவள். பின்னர் வறுமையும் பசியும் கண்டவள். அவள் மறுப்பு நாணத்தின் பாற்பட்டதன்று, தெளிவின் பாற்பட்டது. முதியவரின் இளமனைவியாகிய தங்கம்மாவோ பாபுவை விரும்புகிறாள். யமுனாவிடம் தான் வேண்டி நிற்கும் இரக்கத்தைப் பாபு தங்கம்மாவுக்கு அளித்தானில்லை. அவள் உயிர் துறக்கிறாள். இந்நிலையில் நாம் பாபுவுக்கு இரங்குவதா, அவனைக் கடிவதா? இரண்டும் ஒருங்கே எழுகின்றன. நெகிழ்ச்சிக்கும் சுளிப்புக்கும் பொதுவான வேர் இதுவேயாம்.

பாபுவின் தன்னாய்வு சிலவிடங்களிற் கூறியது கூறலாகின்றது. தொடர்கதை வடிவின் குறை அது. எனினும் முடிவு அக்குறையை மறக்கச் செய்கின்றது. ஆண்டுகள் பல கழிந்து யமுனா இசைந்தபின், அவள் வினவும் சிறு வினாவொன்றில், மலையெனத் தோன்றிய மோகம் ஓர் இரவின் அளவாகச் சுருங்குகின்றது. அவ்விரவோடு நாவலை முடித்துக்கொள்வோர் அதனை ஒழுக்கக் கேடு என்பர். ஆசிரியரோ அங்கு நிறுத்தவில்லை. ஆசான் ரங்கண்ணா காட்டிய இசைநெறிக்கே பாபுவை மீளச் செலுத்துகிறார்.

இலக்கியம் கற்பிப்போர், மாணவர் உள்ளத்தைக் கலக்கும் நூல் எனக் கருதி இதனைப் பாடத்தினின்று விலக்குதல் வேண்டா. பெருந்திணைக்கு இலக்கணம் வகுத்த ஆசிரியரும் அதனை அகத்திணை ஏழனுள் ஒன்றாகவே வைத்தார் என்பதை நினைத்தல் நன்று.